மூன்று முறை பூட்டைத் திறந்தோம், வீட்டை இன்னும் யாரும் பார்க்கவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: செட்டிநாட்டு வளவு வீட்டைப் பழுதுபார்க்கும் முன் செய்ய வேண்டிய ஆய்வு முறையாகச் செய்யப்படாதது பற்றி

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. 11 முறை போனில் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். களைத்துவிட்டேன். இதையாவது முழுதாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் 17-ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி, பூட்டும் தனித்தனி. எல்லா அறையும் திறந்திருந்தால்தான் ஆய்வு செய்ய முடியும் என்று சொன்னது உங்கள் அலுவலகம். சரி என்று 5 பங்காளிகளையும் கூட்டினேன். நான் சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தேன். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் சாவியைக் கொடுத்தனுப்பினான். 81 வயதுப் பெரியத்தா காலை 7 மணிக்கே முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் ஆள் வரவில்லை. மாலை நாலரை மணிக்கு, "இன்று வேறு சைட்டுக்குப் போய்விட்டார்" என்று ஒரு குறுஞ்செய்தி. பெரியத்தா எதுவும் பேசாமல் எழுந்து போய்த் தன் அறையைப் பூட்டினார். அதற்குப் பிறகு சாவி கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

இருந்தும் கேட்டேன். செப்டம்பர் 7-ஆம் தேதி ஒருவர் வந்தார். ஏணி இல்லாமல் வந்தார். மச்சுக்கு ஏற முடியாது என்று வளவு வாசலில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். செப்டம்பர் 28-ஆம் தேதி மூன்றாவது வருகை. மொத்தம் 40 நிமிடம். அதற்குத்தான் 54,000 ரூபாயை ஜூலையிலேயே முழுதாகக் கட்டியிருந்தேன்.

அந்த 40 நிமிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பட்டாலை என்னும் கூடத்துச் சுவரின் வெள்ளைப் பூச்சு சுண்ணாம்பு, மணல், கடுக்காய்ச் சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்து ஏற்றியது. நூறு வருடம் கழித்தும் கையை வைத்தால் பளிங்கு போல வழுக்கும். ஈரம் அளக்கும் கருவி நிற்கவில்லை என்று உங்கள் ஆள் ஸ்க்ரூடிரைவரால் அதை ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டினார். தடுப்பதற்குள் சில்லு சில்லாகக் கீழே விழுந்துவிட்டது. அந்தச் சில்லுகளை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் எங்கள் ஊரிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அந்த ஒரு சாண் இடத்தை யார் பூசித் தருவார்கள்?

அக்டோபர் 6-ஆம் தேதி அறிக்கை வந்தது. உங்கள் கையேட்டின் 4-ஆம் பக்கத்தில் "பாரம்பரியக் கட்டடங்களுக்கான தனி ஆய்வு" என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் இப்படி ஒரு அறிக்கை எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன். "கான்கிரீட் தளம், ரீபவுண்ட் ஹாமர் சோதனையில் திருப்தி" என்று எழுதியிருக்கிறது. 1911-இல் கட்டிய எங்கள் வீட்டில் கான்கிரீட்டே கிடையாது. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறையில் போட்டது. தேக்குக் கட்டைகளை அடுக்கி, மேலே சின்னச் செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் குத்தாக நிறுத்திக் கட்டியது. கான்கிரீட்டுக்கு உண்டான சுத்தியலை அதில் தட்டி என்ன எண் கிடைக்கும்? தரை ஆத்தங்குடிக் கல். அறிக்கையில் "செராமிக் டைல்ஸ், ஆசிட் கழுவல் பரிந்துரை". ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்ப்பது. ஆசிட் பட்டால் பூவும் கொடியும் அரித்துப் போகும். உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் எங்கள் அப்பச்சி (அப்பா) பார்த்துப் பார்த்துப் பாதுகாத்த தரை ஒரே நாளில் போயிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசம் சுவருக்குச் சொன்ன வைத்தியம். ஓதம் (தரை ஈரம்) ஏறிய சுவரெல்லாம் சிமெண்டால் பூச வேண்டுமாம். இருபது வருடத்துக்கு முன் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் யாரோ சொல்லி அப்படித்தான் பூசினோம். சுவருக்குள் இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறி, இன்று தலை உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. அந்த இடத்தைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உப்பு உள்ள சுவரில் முள் வைத்து அளக்கும் ஈரமானி கூடுதலாகக் காட்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதானே?

அடுப்படிப் பக்கம் பனங்கைகளில், அதாவது கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களில், கரையான் மண் ஏறியிருக்கிறது. கீழே நின்று பார்த்தாலே தெரியும். "மரவேலை முழுவதும் பர்மா தேக்கு, நல்ல நிலை" என்று எழுதிவிட்டார். கையேட்டில் படம் போட்டிருந்த, மெல்லிய ஊசியை மரத்துக்குள் செலுத்தி உளுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை யாரும் கொண்டுவரவே இல்லை.

இதையெல்லாம் அக்டோபர் 9-ஆம் தேதி போனில் சொன்னபோது உங்கள் பிரிவில் ஒருவர் என்னிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "பழைய வீடுன்னா அப்படித்தான் சார் இருக்கும். இவ்ளோ பயமா இருந்தா இடிச்சுட்டுப் புதுசா கட்டுங்க." பிறகு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது அங்கே இருந்ததெல்லாம் போயிற்று. மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். எங்கள் வட்டார ஊர்களை யுனெஸ்கோ 2014-இல் தன் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட ஊரில் இந்த வீட்டை இடிக்கச் சொல்ல உங்கள் ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது?

ஐப்பசி பிறந்துவிட்டது. சரியான அறிக்கை ஆகஸ்டிலேயே கிடைத்திருந்தால் ஓடு மாற்றி, வளவின் தகரத் தாழ்வாரத்தைச் சரிசெய்து, மழைக்கு முன்பே முடித்திருப்போம். முன்பணம் வாங்கிய கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். நேற்றைய மழையில் அடுப்படியில் ஒரு பனங்கை தொய்ந்து கிடக்கிறது. மழை முடிவதற்குள் அந்தக் கட்டு முழுவதும் விழுந்துவிடும். வீடே எங்கள் கையை விட்டுப் போனால் அதற்கு உங்கள் நிறுவனம்தான் பொறுப்பு.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரை ஏணியோடும் கருவியோடும் அனுப்பி முழு ஆய்வையும் மறுபடி செய்து கொடுங்கள். இல்லையென்றால் 54,000 ரூபாயையும், சுரண்டிய சுவரைச் சரிசெய்யும் செலவையும் கொடுத்துவிடுங்கள். போனில் அப்படிப் பேசியவர் பெரியத்தாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். சாவியை அவரிடமிருந்து மறுபடி வாங்கப் போகிறவன் நான்.

15 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2019 சட்டப்படி மனு போடுவேன். 5 லட்சம் வரை கட்டணம்கூடக் கிடையாது என்று விசாரித்துவிட்டேன். ரசீது, அறிக்கை, போட்டோ, குறுஞ்செய்தி எல்லாவற்றின் நகலும் இத்துடன் உள்ளன. பூச்சுச் சில்லு டப்பா என்னிடமே இருக்கும். வருபவர் முதலில் அதைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டின் 5 பங்காளிகள் சார்பாக,
தங்கள் வாடிக்கையாளர்