பெட்டகத் திருடரும் பொய்ச் சேதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறையிலிருந்து உளவு வேலைக்கு எடுக்கப்படும் குற்றவாளிகளை நாயகர்களாகக் கொண்ட போர்க்கால த்ரில்லர் கதைகளைப் பாராட்டி, தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கதைகள் துணிச்சலைக் கொண்டாடும் வேகத்தில் அதற்குப் பின்னாலிருந்த உழைப்பை விட்டுவிடுகின்றன என்பது என் வருத்தம். இரண்டாம் உலகப்போரில் இரட்டை உளவாளியாக இருந்த எடி சாப்மனின் வரலாறே அதற்குச் சான்று.

வெடிமருந்து வைத்துப் பெட்டகங்களை உடைப்பதில் கைதேர்ந்த இந்த ஆங்கிலேயர், ஜெர்சி தீவுச் சிறையில் இருந்தபோது, 1940இல் ஜெர்மானியர் அத்தீவைக் கைப்பற்றினர். அவர்களுக்கு உளவு பார்க்கத் தாமாகவே முன்வந்து, பிரான்சின் நாந்த் நகரில் பயிற்சி பெற்று, 1942 டிசம்பரில் கேம்பிரிட்ஜ்ஷயரில் பாராசூட் மூலம் குதித்தவர், குதித்த கையோடு பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சரணடைந்தார். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5 அவருடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் உளவுத்துறையின் சங்கேதச் செய்திகளை பிரிட்டன் ஏற்கெனவே உடைத்துப் படித்துவந்ததால், அவர் வரப்போவதும் தெரிந்திருந்தது, அவர் சொன்னதைச் சரிபார்க்கவும் முடிந்தது. பிடிபடாமல் இயங்குவதற்கு அடையாளமாக ஜெர்மானியருக்கு அனுப்பும் வானொலிச் செய்தியின் தொடக்கத்தில் ஐந்து ‘எஃப்’ எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்ற ரகசிய ஏற்பாட்டையும் அவர் எம்ஐ5 அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார்.

ஹாட்ஃபீல்டில் மாஸ்கிட்டோ விமானங்களைத் தயாரித்த டி ஹாவிலண்ட் தொழிற்சாலையைத் தகர்ப்பதே ஜெர்மானியர் அவருக்கு இட்ட பணி. அதை அவர் முடித்துவிட்டதாக ஜெர்மானியரை நம்பவைக்க, 1943 ஜனவரி இறுதியில் ஓர் இரவில், பிரிட்டிஷ் தரப்பினர் அங்கிருந்த மின்மாற்றிகளை வண்ணம் தீட்டிய திரைகளால் மூடி, மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்த போலி மின்மாற்றிகள் உடைந்து கிடப்பது போலப் போட்டு, சுற்றிலும் இடிபாடுகளை இறைத்து வைத்தார்கள். வானிலிருந்து படமெடுக்கும் ஜெர்மன் விமானத்தின் கண்ணுக்காகவே இத்தனை ஏற்பாடும். டெய்லி எக்ஸ்பிரஸ் நாளேட்டிலும் செய்தி வந்தது. ஊர்ப் பெயரே இல்லாமல், லண்டனின் புறநகர்த் தொழிற்சாலை ஒன்றில் வெடிப்பு, சேதம் சிறிது என்ற அளவில் சில வரிகள் மட்டுமே. போர்க்காலத் தணிக்கைக்குப் பழகிய எவருக்கும் அந்தச் சுருக்கமே நம்பிக்கையைத் தந்திருக்கும். எந்தத் துப்பாக்கிச் சண்டையையும்விட இந்த நுணுக்கம் எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது.

கதைகள் தொட மறுக்கும் மற்றொரு பக்கமும் உண்டு. பின்னர் ஜெர்மானியரிடம் திரும்பிச் சென்ற சாப்மனுடன் ஆஸ்லோவில் பழகிய நார்வேப் பெண் டாக்மார் லாலும், போர் முடிந்தபின் எதிரியோடு உறவாடியவர் என்று தண்டிக்கப்பட்டார். அவர் நேசித்த மனிதர் உண்மையில் பிரிட்டனின் உளவாளி என்பதை எடுத்துச் சொல்ல அவருக்குத் துணையாக எவரும் வரவில்லை. சாப்மனோ 1944இல் எம்ஐ5ஆல் விலக்கப்பட்ட பிறகும், 1997 வரை வாழ்ந்தார்.

இவ்வகைக் கதைகளை இனி அறிமுகப்படுத்தும்போது, 2001இல் பொதுப் பார்வைக்கு வந்த சாப்மன் பற்றிய எம்ஐ5 கோப்புகளைப் போன்ற ஆவணங்களோடும் ஒப்பிட்டு எழுதுமாறு தங்கள் கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை