மழையில் வழுக்கும் மலைச்சாலை வளைவின் மேற்பரப்பைச் சீரமைக்கக் கோரும் மனு

பெறுநர்: சாலைப் பராமரிப்புக்குப் பொறுப்பான பொறியாளர் அவர்கள், பினாங்கு.

அனுப்புநர்: மலையடிவார அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள், பாயா தெருபோங், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இறக்கம் முடியும் இடத்தில் சாலை இடப்புறம் திரும்பும் வளைவைப் பற்றித் தங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறோம். அது தாங்கள் நன்கு அறிந்த இடம். அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. முன்னைய மனுக்களைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்ததே தவிர, பதில் வரவில்லை. தங்களுக்குப் பணிகள் பல உண்டு என்பதை உணர்கிறோம். ஆயினும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் பெருமழை தொடங்குவதற்கு முன் இந்த ஓரிடத்தைக் கவனித்தருளுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

1. எங்கள் முறையீடு குழிகளைப் பற்றியதன்று. சாலை சமமாகவும் பார்வைக்கு நன்றாகவும் இருக்கிறது. ஆனால் கனரக லாரிகள் நாள் முழுவதும் பிரேக் பிடித்தபடியே இறங்குவதால், தாரில் பதிந்த கற்களின் சொரசொரப்பு தேய்ந்துவிட்டது. ஓரத்தில் சக்கரம் படாத கல்லைத் தொட்டால் உள்ளங்கை உராய்கிறது. சக்கரத் தடத்திலுள்ள கல்லோ ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழுவழுப்பாக இருக்கிறது. போதாததற்கு, வெயிலில் மேலே கசிந்த தார், கற்களுக்கிடையே மழைநீர் ஒதுங்க வேண்டிய இடைவெளிகளையும் அடைத்துவிட்டது. கல் உறுதியானதுதான் என்று சொல்லப்படலாம். எளிதில் உடையாத கல்லும் தேய்ந்து வழவழப்பாகும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று.

2. இதனால் மிகவும் வதைபடுபவர்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்பவர்கள். எங்கள் குடியிருப்பில் பெரும்பாலோர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்பவர்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும். கார் வாங்க வசதியில்லை. சில நாள் வெயிலுக்குப் பிறகு தூறல் விழும்போதுதான் நிலைமை மிக மோசமாகிறது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் சில நிமிட மழையில் குழைந்து மெழுகிவிடுகின்றன. வளைவில் திரும்பும் டயருக்கு இருக்கும் பிடிமானம் அளவானது. அதில் ஒரு பங்கு திரும்புவதற்கே போய்விடுகிறது, மிஞ்சியதில்தான் பிரேக் பிடிக்க வேண்டும். கார் வழுக்கினாலும் நான்கு சக்கரத்தில் நிற்கும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் தரையில்தான். மெதுவாகப் போகச் சொல்கிறார்கள், ஐயா. மெதுவாகப் போனால் பின்னால் இறங்கும் லாரி ஹார்ன் அடித்து நெருக்குகிறது. ஒதுங்கலாமென்றால் ஓரத்தில் மூடியில்லாத கால்வாய். ஆகவே மழை நாள்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் வளைவுக்கு முன்பே வண்டியிலிருந்து இறங்கி, பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கால்வாய் விளிம்பிலேயே நடக்கிறார்கள். கணவர் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி வண்டியை இறக்குகிறார். லாரி கடக்கும்போது தெறிக்கும் நீரில் பிள்ளையின் புத்தகப்பை நனைகிறது. இருபுறமும் மாடிக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கும் ஊரில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி இப்படித்தான் இருக்க வேண்டுமா? வளைவின் தடுப்புச் சுவரில் கீழ்ப்பக்கம் வண்டிகள் உராய்ந்த கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பணியாளர்கள் வந்து அதற்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். சாலையைத் தொடவில்லை.

3. எச்சரிக்கைப் பலகை வைத்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பலகையை நட்டவர்களுக்குச் சாலை வழுக்குகிறது என்பது தெரிந்தே இருக்கிறது. தெரிந்த பின்னும் சாலையை அப்படியே விட்டுவைப்பது எந்த வகையில் நியாயம்? மேலும், வேகத்தைக் குறைக்கக் குறுக்கே போடப்பட்ட தடித்த மஞ்சள் கோடுகள், சரியாக மோட்டார் சைக்கிள்காரர் பிரேக் பிடிக்கும் இடத்தில் அமைந்துள்ளன. நனைந்த கோடு தாரைவிட அதிகம் வழுக்குகிறது. எங்களைக் காப்பாற்றப் போட்ட கோடே எங்களைச் சாய்க்கிறது.

4. நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பது அரசாங்கமே சொல்லிவரும் கணக்கு.

5. நாங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சாலையை நனைத்து, ரப்பர் பொருத்திய ஊசலை வீசி உராய்வை அளக்கும் பெண்டுலம் கருவி உலகெங்கும் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 1969-லேயே, கூர்வளைவு, செங்குத்து இறக்கம் போன்ற கடினமான இடங்களுக்கு அக்கருவியில் குறைந்தது 65 என்ற அளவும், சாதாரண இடங்களுக்குக் குறைந்தது 45 என்ற அளவும் பரிந்துரைக்கப்பட்டன. எங்கள் வளைவு இறக்கமும் ஆனது, வளைவும் ஆனது. இங்கு எவ்வளவு காட்டுகிறது என்பதை ஒரு காலைப் பொழுதில் அறிந்துவிடலாம். அதற்குக்கூட நேரமில்லை என்றால் நாங்கள் என்ன சொல்வது, ஐயா?

6. முழுச் சாலையையும் புதிதாகப் போடச் சொல்லவில்லை. கசிந்த தாரை உயர் அழுத்த நீரால் உடனே அகற்றுங்கள். வளைவிலும் அதற்கு முந்தைய இறக்கத்திலும் மட்டும், தேய்மானம் தாங்கும் சுட்ட பாக்சைட் (அலுமினியத் தாது) பொடிக்கற்களைப் பிசினில் ஒட்டும் உயர் உராய்வுப் பூச்சைப் போட்டுத் தாருங்கள். மஞ்சள் கோடுகளைச் சுரண்டி, சொரசொரப்பான கலவையால் மீண்டும் இடுங்கள். மலைப்பக்கத்திலிருந்து சாலையைக் குறுக்கே கடக்கும் நீரைக் கால்வாயில் திருப்புங்கள். கால்வாய்க்கு மூடி போடுங்கள். அதையாவது இந்த வாரமே செய்யுங்கள், பிள்ளைகள் நடக்கிறார்கள்.

தாங்கள் ஒரு மழைக்காலைப் பொழுதில் நேரில் வந்து பார்வையிட்டு, அளவீடு செய்ய உத்தரவிட்டு, பணி எப்போது தொடங்கும் என்பதைத் தேதியோடு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இன்னொரு ஒப்புகைச் சீட்டு எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
மலையடிவாரக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்