அப்பாவுக்கு, துரொண்ட்ஹைமிலிருந்து

துரொண்ட்ஹைம், நோர்வே
செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, அம்மாயி, தம்பி எல்லோரும் சுகம்தானே. போனிலேயே எல்லாம் பேசிவிடலாம்தான். ஆனால் என் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஒன்று லைன் அறுந்துவிடுகிறது, இல்லாவிட்டால் தம்பி குறுக்கே விழுந்து "அக்கா காத்தைப் புடிச்சு டப்பாவுல அடைக்கிறா" என்கிறான். கோயில் கமிட்டியிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறானாம். அதனால் எழுதி அனுப்புகிறேன். அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலில் அவனுக்கு: காற்று இல்லை தம்பி, புகை. நிலக்கரி எரிக்கிற இடங்களிலும் சீமெந்துத் தொழிற்சாலைகளிலும் புகைபோக்கியால் போகிற காபனீரொட்சைட்டை, வெளியே போவதற்கு முன்னால் பிடிக்கப் பார்க்கிறோம். 1958இல் ஹவாயில் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சம் பங்கு வளியில் 315 பங்கு அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. உலகத்துக்கு அது பெரிய கூடுதல்; ஆனால் பிடிக்கப் போகிறவனுக்குக் கொஞ்சம்தான். நிலக்கரிப் புகையிலோ நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு இருக்கும். அடர்த்தியாக இருக்கிற இடத்தில் பிடிப்பதுதானே புத்தி.

பிடிக்கிற வழி புதிதில்லை. 1930இலேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார்கள். கீழே இருந்து புகை ஏறும், மேலே இருந்து அமீன் என்ற வகைத் திரவம் வழியும். திரவம் வாயுவை இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்தத் திரவத்தை 120 பாகை வரை சூடாக்கினால் வாயுவை விட்டுவிடும். திரவத்தைத் திரும்பப் பாவிக்கலாம். இதில் பிடிப்பதற்குச் செலவில்லை அப்பா, விடவைப்பதற்குத்தான் செலவு. சூடாக்குவதிலேயே மின்நிலையத்தின் சக்தியில் நல்ல பங்கு போய்விடும். போதாக்குறைக்கு அமீன் இரும்பை அரிக்கும், நாளாக ஆகக் கெட்டும் போகும்.

நாங்கள் எடுத்திருப்பது சலவைச் சோடா. பாடப் புத்தகத்தில் சோடியம் காபனேற்று. மலிவு, நஞ்சில்லை, ஆவியாகிப் போகாது. காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு அது இருகாபனேற்றாக மாறும், அதாவது அம்மா ஆப்ப மாவில் போடுகிற அப்பச்சோடா. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் அதற்கு இரண்டு கெட்ட குணம். ஒன்று, மந்தம். மற்றது, வாங்க வாங்க உப்பாகப் படிந்து குழாயை அடைத்துவிடும்.

அதற்குத்தான் குளிகை. சோடாக் கரைசலைச் சின்னச் சின்னத் துளியாக்கி, ஒவ்வொரு துளிக்கும் சிலிக்கோனால் ஒரு தோல் போடுவது. ஒரு குளிகை அரை மில்லிமீட்டர் இருக்கும். தோல் வாயுவை உள்ளே விடும், கரைசலை வெளியே விடாது. உப்புப் படிந்தாலும் உள்ளேயே படியும், குழாய்க்கு வராது. மந்தத்துக்கும் அதிலேயே மருந்து இருக்கிறது: நீட்டு, அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டரான பெட்டியில் இந்தக் குளிகையை நிரப்பினால், எல்லாத் தோலையும் விரித்துப் போட ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும். ஒன்றரை ஏக்கர் தேயிலை எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு இடத்தாலும் வாயு உள்ளே போகும். யோசனை என்னுடையது இல்லை. 2015இல் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடமும் ஹார்வர்ட், இலினோய் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்து காட்டியது. நான் பின்னால் வந்தவள்.

செய்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். மயிர் போன்ற கண்ணாடிக் குழாய் ஒன்றின் வாய் இன்னொரு கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கும். உள்ளே சோடாக் கரைசல், அதைச் சுற்றிச் சிலிக்கோன், அதற்கும் வெளியே கொழகொழப்பான தண்ணீர். மூன்றையும் மூன்று பம்பு மெல்லத் தள்ளும். வாயில் திரவம் கழுத்துப் போல மெலிந்து, அறுந்து, துளிக்குள் துளியாக விழும். கமராவில் பார்த்தால் ஒரே அளவில் வரிசையாகப் போகும். கழியூதா விளக்கின் கீழ் போனதும் தோல் இறுகிவிடும். கரைசலில் தைமோல் நீலம் கலந்திருப்பதால் குளிகை எல்லாம் நீலம். காபனீரொட்சைட்டை உள்ளே விட்டால் பச்சையாகி, மெல்ல மஞ்சளாகும். சூடாக்கினால் பழையபடி நீலம். முதன்முதல் பார்த்தபோது தேத்தண்ணி ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இதில் என் பாடு என்ன? தண்ணீர். சிலிக்கோன் வாயுவை விடுகிற மாதிரி நீராவியையும் விட்டுவிடும். வருகிற வாயு காய்ந்திருந்தால் குளிகை சுருங்கிப்போகும், ஈரம் கூடினால் ஊதும். சூடாக்கிக் குளிரவைத்து, சூடாக்கிக் குளிரவைத்து, எத்தனை தரம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் இப்போது என் நாள் முழுக்க வேலை.

அடுத்தது, இதைப் படுக்கையாக நிரப்பிப் புகையை ஊதுவது. கனமாக நிரப்பினால் புகை ஏறாது, அமுக்கம் கூடிவிடும். தேயிலை ஸ்டோரில் நீங்கள் கொழுந்து வாட்டுகிற தொட்டியில் பார்த்த அதே வில்லங்கம்: ஈரக் கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பினால் ஒரு ஓட்டையைத் தேடிக் காற்று அதால் ஓடிவிடும், மற்றதெல்லாம் வாடாமல் கிடக்கும். அதனால் கீழே இருந்து வேகமாக ஊதிக் குளிகையை மிதக்கவைத்துப் பார்க்கிறோம். போன மாதம் கூட்டத்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, கீழே இருந்து காற்று ஊதித் தூளைக் காயவைக்கிற புது டிரையர் வந்த காலத்தில் டீமேக்கர் ஐயா உங்களைத்தானே அதன் பக்கத்தில் நிறுத்தினார் என்று ஞாபகம் வந்தது.

அம்மா கேட்டாரே, இதனால் மழை பழையபடி ஒழுங்காகப் பெய்யுமா, மண் சரியாமல் இருக்குமா என்று. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014இல் மண் சரிந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி நம் ஆட்களுக்கு வரத்தான் செய்யும். பொய் சொல்ல மாட்டேன் அம்மா. இந்த நாட்டில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996இலிருந்து கடலுக்கு அடியில் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் இந்த வாயுவை இறக்கினார்கள். அதுவும் சும்மா இல்லை, 1991இல் அரசாங்கம் இந்த வாயுவுக்கு வரி போட்டதால். உலகம் எரித்து விடுவதோ வருடத்துக்கு 3,700 கோடி தொன் அளவில். எரிப்பதைக் குறைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் கட்டுபடியாகாது. சீமெந்து வேறு கதை. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லே காபனீரொட்சைட்டை விடும், அடுப்பை மாற்றினாலும் அது நிற்காது. பிரெவிக் என்ற ஊரில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை 2025இலிருந்து அமீன் கொண்டு பிடிக்கிறது, வருடத்துக்கு 4 இலட்சம் தொன் இலக்கு. எங்கள் குளிகையும் ஒருநாள் அப்படி ஒரு இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே வாழ்க்கை பரவாயில்லை. நுவரெலியாக் குளிரில் நடுங்குகிறவர்கள் இங்கே வரவேண்டாம். டிசம்பரில் காலை பத்துக்கு விடிந்து இரண்டரைக்கு இருட்டிவிடும். பகல் சாப்பாடு பதினொன்றரைக்கு, பாணும் மண்ணிறச் சீஸும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. பேரே சொல்லாமல் முன்னால் போய் நின்று பேசத் தொடங்கிவிடுவேன். தமிழர் இருக்கிறார்கள், அநேகமாக எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கம். "எந்த ஊர் பிள்ளை?" என்றால் மலைநாட்டில் மஸ்கெலியா என்பேன். சிலர் அதோடு பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். ஓர் அன்ரி மட்டும் திருப்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்குச் சோறு.

சம்பளம் மாதா மாதம் வருகிறது, வருடத்துக்கு ஐந்து கிழமை லீவு. குளிகை ஒருநாள் சரிவராவிட்டால் அரைப்பேர் என்று பாதிச் சம்பளம் போட ஆளில்லை. கிலோ குறைந்ததென்று அரைப்பேரோடு வந்த அம்மா, அந்த 1000 ரூபா நாட்சம்பளத்தை 2021இல்தான் கண்ணால் கண்டார் என்பதை இங்கே யாருக்கும் விளக்க முடியவில்லை. ஆனால் வேலை நிரந்தரம் இல்லை அப்பா. பேராதனையில் படித்ததும் கலாநிதிப் பட்டமும் முடிந்த பிறகு செய்கிற ஒப்பந்த வேலை இது. முடிந்தால் வேறு தேட வேண்டும். அதனால் வீட்டுக்குக் கொங்கிரீட் தட்டு ஊற்றுகிற யோசனையை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். முதலில் கூரை.

ஒன்று கேட்க வேண்டும். டிரையரில் தூள் ஒரு மூலையில் மட்டும் கொதிக்கிற மாதிரி எழும்பி, மற்ற இடத்தில் அசையாமல் கிடந்தால் என்ன செய்வீர்கள்? காற்றைக் கூட்டுவீர்களா, போடுகிற அளவைக் குறைப்பீர்களா? எங்கள் படுக்கை அப்படித்தான் செய்கிறது. தம்பியிடம் சொல்லி வொய்ஸ் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது, திங்கள் காலை திரும்ப ஊதிப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்