இழவுக்கு யாரும் கருப்பு கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் நிறங்களைப் பற்றி வந்த கட்டுரையில், கருப்பு நமக்குத் துக்கத்தின் நிறம் என்று ஒரு வரி இருந்தது. நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 22 வருஷமாகச் சேலை விரித்துப் போடுகிறவன். இழவு வீட்டுக்குக் கோடி எடுக்க வருகிறவர்கள் வெள்ளை வேட்டி கேட்பார்கள், நூல் சேலை கேட்பார்கள். கருப்பு வேண்டுமென்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. புருஷனை இழந்தவளுக்கு ஊர் உடுத்திவிட்டதும் வெள்ளைதானே! துக்கத்துக்குக் கருப்பு என்பது வெள்ளைக்காரன் பழக்கம். சட்டையில் குத்துகிற பேட்ஜோடு நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, கல்யாணத்துக்குக் கருப்பு ஆகாது என்பது உண்மைதான். போன வைகாசியில் ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தது. பெண்ணுக்குக் கருநீலம் பிடித்துவிட்டது. அப்பத்தா டியூப்லைட் வெளிச்சத்தை நம்பவில்லை. முந்தியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலில் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கருப்படிக்குதுப்பா, வேற போடு” என்றார். அவர் இடுப்பில் இருந்த பிள்ளைக்குக் கன்னத்தில் எட்டணா அகலத்துக்கு மைப்பொட்டு, கையில் கருவளையல், அரையில் கருப்புக் கயிறு. “இது மட்டும் என்ன நிறம் அப்பத்தா?” என்றேன். “இது கண்ணுபடாம இருக்க. காவக்காரன்ப்பா இந்தக் கருப்பு. காவக்காரனக் கூப்பிட்டு மணவறையில உக்கார வைப்பியா?” என்றார்.

காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பணசாமியும் அழகர்கோவிலில் வாசலில்தான் நிற்கிறார். உருவம்கூட இல்லை, சந்தனம் பூசிய கதவுதான் அவர். அழகர் சித்திரையில் மதுரைக்குக் கிளம்பும்போது நகைக் கணக்கை அவர் முன்னால்தான் வாசிக்கிறார்கள். அந்த வாசலில் பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் ஆள் கிடைக்காது.

ஆனால் அப்பத்தா சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண் கழுத்தில் ஏறுவதே கருகமணிதான். வளைகாப்புக்கு ஐயர் வீடுகளில் கருப்புச் சேலைதான் எடுப்பார்கள். மசக்கைக் கருப்பு என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள், தேடி எடுப்பதற்குள் எங்களுக்குத்தான் மூச்சு வாங்கும். கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவர்களுக்குக் கருப்பு வேட்டியும் துண்டும் கட்டிக் கொடுத்து மாளாது.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. 1946 மே மாதம் பெரியாரின் திராவிடர் கழகம் கூட்டிய கருஞ்சட்டை மாநாடு நடந்தது இதே மதுரையில், வைகை மணலில். இரண்டாம் நாள் எதிர்ப்பாளர்கள் பந்தலுக்குத் தீ வைத்தார்கள். திராவிடர் கழகக் கொடியின் கருப்பு நம் மக்களின் இழிநிலை, நடுவில் இருக்கும் சிவப்பு வட்டம் அதைப் போக்கும் முயற்சி. அழுவதற்காகப் போட்ட சட்டை இல்லை அது.

அடுத்த முறை நிறத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தால், முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் நிருபரைக் கடைக்கு அனுப்புங்கள். ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை விற்பனையாளர்,
விளக்குத்தூண், மதுரை.