சேமலாப நிதியும் தேயிலைப் பங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புப் பங்குச் சந்தையில் சேமிப்பைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதும் என்று தங்கள் ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த எங்கள் தோட்டத்து மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். அண்மையில் ஓய்வுபெற்றவர்கள், கையில் சேமலாப நிதிப் பணம். மூவரும் கேட்டது பெருந்தோட்டக் கம்பனிப் பங்கு. "நமக்குத் தெரிந்த தொழில்தானே, கிளாக்கர் ஐயா" என்றார்கள்.

அதுதான் என் பயமே. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். செவ்வாய், புதன் கொழும்பு ஏலம் முடிந்து விலை வந்ததும் காரியாலயக் கரும்பலகையில் எழுதுவது நான்தான். 2014 நடுவில் நூறு டொலருக்கு மேல் விற்ற மசகு எண்ணெய், 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போனது. எண்ணெய்க்கும் கொழுந்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நம் தேயிலையைக் குடிப்பவர்களே ரஷ்யா, ஈராக், ஈரான் என்று எண்ணெய் விற்கும் நாட்டுக்காரர்கள்தான். அவர்கள் கை இறுகியதும் என் பலகையில் எண் இறங்கியது. எங்கள் தோட்டத்தில் முதலில் ஓவர்டைம் போனது, பிறகு உரம் தள்ளிப்போனது, புல்வெட்டுக் கொந்தரப்பும் (ஒப்பந்த வேலையும்) நின்றது. இப்படிப்பட்ட காலத்தில் பங்கிலாபத்தை எங்கே தேடுவது? தோட்டத்தில் வேலை செய்யும் மகளுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுகிற அதே மாதத்தில் அப்பாவின் சேமிப்பும் கரையும்.

பொறுமை பற்றியும் சொல்ல வேண்டும். 2011 தொடக்கத்தில் நானும் பங்கு வாங்கினேன். யுத்தம் முடிந்த உற்சாகத்தில் கொழும்புச் சந்தையின் விலைச் சுட்டெண் அந்த மாசியில் 7,800ஐத் தொட்டது. 2020 மே மாதம் நாலாயிரத்துச் சொச்சம். பழைய உச்சத்தைத் தாண்ட 2021 ஆனது. சந்தை மீண்டது உண்மைதான்; ஆனால் என் மகளின் கல்யாணம் 2018இல். பாதி விலைக்கும் குறைவாக விற்றேன். அமெரிக்காவில் 1929இல் விழுந்த டவ் ஜோன்ஸ் சுட்டெண் பழைய உயரத்தைப் பிடிக்க 1954 வரை சென்றது. ஐம்பத்தைந்து வயதில் பணம் போட்டவருக்கு எண்பது!

நம் முன்னோர் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் இலை நோய் தெரிந்துவிட்டது. ஆனால் 1870களில் கோப்பி நல்ல விலைக்குப் போனதால் துரைமார் விளைச்சல் குறைந்ததைப் பொருட்படுத்தாமல் புதுக் காடுகளை வெட்டினார்கள். பின்னர் விலையும் சரிந்தது. 1884இல் கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே கதவை மூடியது.

பங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வரும் இளைஞர்கள், பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணத்தை, தேயிலைக்குச் சம்பந்தமில்லாத கம்பனிகளில் போடட்டும். மூவரில் இருவர் நிலையான வைப்பில் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். அவருக்காகவாவது, கட்டுரையாளரை 1884 பற்றியும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைக் கிளாக்கர்,
மஸ்கெலியா