மதுரைக்கு, மலருக்கு

தங்கச்சிமடம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன, ஊர் பழையபடி இருக்கிறது. என் மனசுதான் தங்கச்சி மகளையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு வயது 31. குழந்தைக்காக உங்கள் ஊரில் சோதித்ததில், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் 0.6 வந்தது. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சேர்த்து நாலே நாலு முட்டைப்பைகள். முட்டை இருப்பு குறைவு என்றார்கள். சின்ன வயசில் பாசி எடுக்கக் கடலில் முங்கியதால் வந்த வினை என்கிறார் அவள் மாமியார். அவளும் அதை நம்பி அழுகிறாள், மலர். என்னால் தாங்க முடியவில்லை. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்கள் பிள்ளை பெறவில்லையா?

அதனால்தான் உட்கார்ந்து படித்தேன். நீ மரபணுப் பாடம் எடுப்பவள், தப்பிருந்தால் திருத்து. முட்டையைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்கள்தான் அதைப் போஷிக்கின்றன, ஏ.எம்.ஹெச். சுரப்பதும் அவைதான். அவை மடிந்தால் முட்டைப்பையும் வாடிவிடும். அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்குப் பங்கு இருக்கிறதாம். செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 எழுத்து நீள ஆர்.என்.ஏ. துணுக்குகள் அவை. புரதம் செய்யச் சொல்லி வரும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடும். காற்று பலமென்றால் இங்கே கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தர மாட்டார்களே, டீசலும் ஆளும் தயாராக இருந்தும் படகு கரையிலேயே கிடக்குமே, அதுபோல. மைக்ரோ ஆர்.என்.ஏ. 23ஏ, செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஒரு புரதத்தைக் குறைக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 என்பதோ செல் மடியாமல் காக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை 1993-இல் ஒரு புழுவில் முதலில் கண்டது, 2024-இல் விஞ்ஞானிகள் அம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் நோபல் வாங்கித் தந்தது.

இருப்பு குறைந்த பெண்களிடம் இவற்றின் அளவு மாறியிருக்கிறது. அது காரணமா, விளைவா என்பது இன்னும் தீரவில்லை. அதனால் இதை வைத்து யாராவது சோதனை, மருந்து என்று பணம் கேட்டால் கொடுக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அப்புறம், ஏ.எம்.ஹெச். முட்டையின் எண்ணிக்கைக்குத்தான் அடையாளம், தரத்துக்கு அல்ல. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது, அவளுக்கு 31தான். தாமதிக்க வேண்டாம் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்கேனாம், இங்கிருந்து போய் வர முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் உன் வீட்டில் தங்கட்டுமா? பாசி எடுத்ததால் வந்ததில்லை என்று நான் சொன்னால், பெரியம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறாள். நீ சொன்னால் நம்புவாள்.

அன்புடன்,
ஜெயா