நீ கேட்ட அட்டவணை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தாலே பேனாவைப் பிடுங்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாள். அவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. அடுத்த மாதம் பேரன் வந்து இறங்கினால் உனக்கு அதுதான் முதலில் வேண்டும்.

"பதினைந்து மாதக் குழந்தைக்கு நாள் முழுக்க என்னதான் விளையாட்டுக் காட்டுவது? எதற்கெடுத்தாலும் அட்டவணை போடுகிறவன் நீ, ஒன்று போட்டு அனுப்பு" என்று கேட்டிருக்கிறாய். கிண்டலாகத்தான் கேட்டிருப்பாய். ஆனால் நான் நிஜமாகவே போட்டேனடா. பேத்தி எங்களிடம் வருவதற்கு முந்தின இரவு, முப்பது வருஷம் கணக்கு எழுதின கை சும்மா இருக்குமா, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். 9 மணி கட்டை அடுக்குதல், 9.30 படப் புத்தகம், 10 மணி நிறம் அறிதல், இப்படியே சாயங்காலம் வரைக்கும்.

மறுநாள் 9 மணிக்குக் கட்டைகளைக் கொட்டினேன். நான் அடுக்க அடுக்க அவள் தட்டிவிட்டாள். நாலாவது நிமிஷம் எழுந்து போய்விட்டாள். புத்தகம் இரண்டு நிமிஷம். பத்தரை மணிக்குள் ஒரு நாள் வேலை மொத்தமும் காலி. பிறகுதான் தெரிந்தது, அந்த வயசில் ஒரு கட்டைமேல் இன்னொன்றை நிறுத்துவதே பெரிய காரியமாம். ஆறேழு அடுக்க இரண்டு வயசு ஆகவேண்டும். நானோ எட்டு மாடி கட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சோர்ந்துபோய் சோபாவில் சாய்ந்துவிட்டேன். உன் தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய தகர டப்பாவில் துணிக் கிளிப்புகள், மரத்தில் செய்தவை. குழந்தை டப்பாவைக் கவிழ்த்தாள். சடசடவென்று சத்தம். ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு என்னைப் பார்த்தாள், திட்டுவேனோ என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை நிமிர்த்தி ஒரு கிளிப்பை எடுத்தாள், டப்பாவுக்குமேல் கையை நீட்டினாள், விரல்களை விரித்தாள். டங். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கையை விட்டு அதே கிளிப்பை வெளியே எடுத்து மறுபடியும் போட்டாள். டங். பிறகு அதையே தரைவிரிப்பில் போட்டுப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. புருவத்தைச் சுருக்கினாள் பார், எங்கள் பழைய தணிக்கை அதிகாரி தோற்றார். கடிகாரத்தைப் பார்த்தேன்: இருபத்தைந்து நிமிஷம். அட்டவணையில் எந்தப் பாடத்துக்கும் கிடைக்காத நேரம்.

இதற்கு 'ஹியூரிஸ்டிக் ப்ளே', அதாவது தானே கண்டுபிடித்து விளையாடுவது, என்று ஒரு பெயரே இருக்கிறதாம், மருமகள் சொன்னாள். இங்கிலாந்தில் குழந்தைக் காப்பகங்களில் வேலை பார்த்த எலினோர் கோல்ட்ஷ்மீட் (1910–2009) என்ற அம்மாள் இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார். டப்பாக்கள், சங்கிலி, அட்டைக் குழாய், மூடிகள் என்று வீட்டுச் சாமான்களைக் குவித்துக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார வேண்டும். "அப்படி இல்லடா கண்ணு, இப்படி" என்று வாய் திறக்கக்கூடாது. முதல் மூன்று நாள் என்னால் முடியவில்லை. உன்னாலும் முடியாது, உன் வாயை எனக்குத் தெரியும்.

ஆகவே பொம்மை வாங்கிக் குவிக்காதே. இருக்கிற பொம்மைகளிலும் நாலைந்தை மட்டும் வெளியே வைத்து மற்றதை மேலே ஏற்றிவிடு. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 4 பொம்மை கொடுத்தபோது குழந்தைகள் 16 கொடுத்தபோதைவிட ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்களாம். வாரம் ஒருமுறை மாற்றிவிட்டால் பழசெல்லாம் புதுசு.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ ராணுவம் மாதிரி இருக்கவேண்டும். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் காது மிஷினுக்கு பேட்டரி மாற்றிவிட்டு பழசை மேஜைமேல் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் இல்லை. குழந்தை எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயில் விரலை விட்டுப் பார்த்தால் வெறும் காகிதம், என் அட்டவணையின் ஓரம். பேட்டரி கடைசியில் என் செருப்புக்குள் கிடந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குப் பத்து வயசு கூடிவிட்டது. ரிமோட், எடை மெஷின் இதிலெல்லாம் இருக்கிற காசு மாதிரியான பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துபோகும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு. மற்றச் சாமான்களுக்கு ஒரு சுலபக் கணக்கு: டாய்லெட் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் அவன் கையில் இருக்கக்கூடாது; கிளிப், கிரேயான் மாதிரி நீளமானவைகூட நீ பக்கத்தில் கண் எடுக்காமல் இருந்தால்தான்.

தண்ணீர் விளையாட்டுக்கு ஈடே இல்லை. அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கோப்பை, ஒரு ஸ்பாஞ்ச். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து தன் வயிற்றுக்கு, அப்புறம் உன் மடிக்கு. மாற்றுத் துணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். ஆனால் நாலு விரல் தண்ணீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். காலிங் பெல் அடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். முடிந்ததும் கையோடு தண்ணீரைக் கொட்டிவிடு.

சாப்பாட்டு நாற்காலியிலிருந்து கரண்டியைப் போடுவான். எடுத்துக் கொடுப்பாய், திரும்பப் போடுவான். உன் இடுப்பைப் பழிவாங்குகிறான் என்று நினைக்காதே. ழான் பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் தன் மூன்று குழந்தைகளும் இப்படியெல்லாம் விளையாடியதை உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று எழுதினார். இடது பக்கம் போட்டால் என்ன ஆகும், வலது பக்கம் போட்டால் என்ன ஆகும் என்று பரீட்சை பண்ணுகிறார்கள். நான் குனிவதற்குப் பதிலாக கீழே ஒரு கூடையை வைத்துவிட்டேன். இப்போது குறி பார்க்கிறாள்.

துணிக்கு அடியில் பந்தை ஒளித்து "எங்கே?" என்று கேட்பது, நீயே கதவுக்குப் பின்னால் ஒளிந்து கால் மட்டும் தெரிகிற மாதிரி நிற்பது, இதெல்லாம் உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. படம் வரைய பெரிய காகிதத்தைத் தரையில் டேப் போட்டு ஒட்டிப் பருமனான கிரேயானைக் கொடுத்தேன். மகாராணி டேப்பைத்தான் பிய்த்தாள், அதிலேயே அரை மணி போயிற்று. அதிலிருந்து தினமும் தரையில் நாலு துண்டு டேப் ஒட்டி வைத்துவிடுகிறேன், ஓரத்தை மட்டும் மடித்து.

புத்தகம் கெட்டி அட்டையாக இருக்கட்டும். ஒரே புத்தகத்தைப் பதினோரு தரம் கொண்டுவருவான். கதையை முடிக்கப் பார்க்காதே. நாய்ப் படத்தில் விரலை வைத்துவிட்டுச் சும்மா இரு, பதில் வரும், ஏதோ ஒரு பாஷையில்.

வெளியே கூட்டிப்போ. ஆனால் போகிற இடம் என்று ஒன்று இருக்கக்கூடாது. நேற்று தெருமுனை வரை போய்த் திரும்ப எங்களுக்கு முக்கால் மணி. ஒரு எறும்பு வரிசை, ஒரு சாக்கடை மூடி, தன் நிழல். நிழலை மிதிக்கப் பார்த்து, அது நகர, அவள் நகர, கடைசியில் உட்கார்ந்து கையால் அழுத்திப் பிடித்தாள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி இந்த வயசில் நாளைக்கு 180 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும். கேட்க அதிகம்தான். ஆனால் இவர்கள் தேடிக்கொள்வார்கள், நாம்தான் திணறுவோம். போனைக் காட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வயசுக் குழந்தையைத் திரை முன்னால் உட்காரவைக்கவே வேண்டாம் என்று அதே நிறுவனம் சொல்கிறது. அப்பா அம்மா வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் நான் காட்டுகிறேன். போன வாரம் பேசிக்கொண்டிருந்த அப்பாவைத் துண்டுக்கு அடியில் ஒளித்துவைத்து "எங்கே?" என்றாள்.

இடையில் நீ கண்ணை மூடி அரை மணி படுத்துக்கொள்ள நினைப்பாய். தரையிலேயே படு. உன்மேல் ஏறி இறங்குவதும் ஒரு விளையாட்டுதான், அவனுக்கு நடை, உனக்குக் கொஞ்சம் ஓய்வு. மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றி உயரத்தில் வை.

அந்த அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். 10 மணிக்கு மேலே உள்ள ஓரம் அவள் மென்றது. பின்பக்கம் முழுக்கச் சிவப்புக் கிரேயானில் அவளே ஏதோ எழுதியிருக்கிறாள். நீ அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய கணக்குப்பிள்ளை